ஸகாத் கொடுக்கிறோம், வறுமை ஏன் அப்படியே இருக்கிறது?

டித்வா சூறாவளிக்குப் பின்னர் வரும் முதலாவது ரமழானை எதிர்கொள்கிறோம். 2025 நவம்பர் இறுதியில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்ட அந்த அனர்த்தத்தின்போது எமது பள்ளிவாசல்கள் நடந்துகொண்ட விதத்தைப் பலரும் பாராட்டினார்கள். வெள்ளம் வடிய முன்னரே சமைத்த உணவுப் பார்சல்கள் புறப்பட்டன. பாதிக்கப்படாத ஊர்களிலிருந்து இளைஞர்கள் லொறிகளில் வந்து, யார் வீடு என்று கேட்காமல் சேறு அள்ளினார்கள். எந்தக் கூட்டமும் போடப்படவில்லை, எந்தத் தீர்மானமும் நிறைவேற்றப்படவில்லை. தேவை கண்ணுக்குத் தெரிந்தது, வந்து நின்றார்கள்.

அந்தச் சமூகத்திடம்தான் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. மூன்று நாளில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு கொடுக்க முடிந்த எமக்கு, மூன்று வருடத்தில் எமது மஹல்லாவில் பத்துக் குடும்பங்களையாவது ஸகாத் எடுக்கும் நிலையிலிருந்து மீட்டெடுக்க ஏன் முடியவில்லை?

நாட்டின் நிலைமையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2019ஆம் ஆண்டின் உத்தியோகபூர்வ கணக்கெடுப்பின்படி வறியோர் வீதம் 14.3. 2022இல் நாடு வங்குரோத்தானது; அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. அதன் பின்னர் உலக வங்கி தனது அளவுகோலை வைத்துச் செய்த மதிப்பீட்டில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வறுமையில் இருந்தார். பணவீக்கம் பின்னர் இறங்கியது. ஏறிய விலைகள் இறங்கவில்லை. கூலி வேலை, நடைபாதை வியாபாரம், முச்சக்கர வண்டி, மீன்பிடி என்று அன்றன்று உழைத்து வாழும் குடும்பங்கள் எமது ஊர்களில் எத்தனை என்று நாமே அறிவோம். 2022க்கு முன்னர் ஸகாத் கொடுத்துக்கொண்டிருந்த சிறு வியாபாரிகள் சிலர் இன்று எடுக்கும் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வரிசையில் வந்து நிற்பதில்லை. அதனாலேயே யாருடைய பட்டியலிலும் இல்லை.

வரிசை என்றவுடன் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் கடக்க முடியாது. 2020 மே 21ஆம் திகதி, கொரோனா முடக்க காலத்தில், நோன்புப் பெருநாளுக்குச் சில தினங்களே இருந்தபோது, கொழும்பு மாளிகாவத்தையில் வர்த்தகர் ஒருவரின் பணத்தைப் பகிர்ந்தளிக்கும் இடத்தில் கூட்டம் நெரிந்தது. மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். பலர் காயமடைந்தார்கள். கொடுத்தவரின் நிய்யத்தைப் பற்றிப் பேச எமக்கு உரிமையில்லை. ஆனால், தன் வீட்டுச் செலவுக்குச் சிறு தொகை எடுக்க வந்த ஒரு பெண் மையித்தாக வீடு திரும்பும் அளவுக்கு எமது கொடுக்கும் முறை இருக்கிறது என்பதை அந்த நாள் காட்டியது. அன்று ஒரு கிழமை எல்லோரும் பேசினோம். அடுத்த ரமழானில் கடைகளின் முன்னால் வரிசைகள் மீண்டும் தொடங்கின.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு வியாபாரிக்கு இவ்வருடம் பத்து இலட்சம் ரூபா ஸகாத் கடமையாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேருக்கு ஆயிரம் ரூபா வீதம் கொடுக்கலாம். இன்றைய விலையில் அது நாலு கிலோ அரிசி. சஹருக்கும் இப்தாருக்கும் இரண்டு நாள் போதும். அதே பத்து இலட்சத்தை ஐந்து குடும்பங்களுக்கு இரண்டு இலட்சம் வீதம் கொடுத்தால் ஒருவருக்குத் தையல் இயந்திரமும் துணியும், இன்னொருவருக்கு வலையும் எஞ்சின் திருத்தமும், மற்றொருவருக்கு அடகிலிருக்கும் முச்சக்கர வண்டியின் மீட்பும் கிடைக்கும். முதல் வழியில் ஆயிரம் துஆக்கள் கிடைக்கின்றன, வாசலில் கூட்டம் நிற்கிறது, ஊர் பார்க்கிறது. இரண்டாவது வழியில் யாருக்கும் எதுவும் தெரியாது. முதல் வழியையே பலர் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் கோபிக்க வேண்டாம்.

இது புதிய யோசனையும் இல்லை. இந்நாட்டு முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களிலேயே இருப்பதுதான். ஏழைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு இமாம் நவவி போன்றோர் தரும் விளக்கம், அவரது தேவை நிரந்தரமாகத் தீரும் அளவுக்கு என்பதாகும். தொழில் தெரிந்தவருக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்கப் போதுமானது, வியாபாரம் தெரிந்தவருக்கு அந்த வியாபாரத்துக்கான முதல் என்று ஒவ்வொரு தொழிலாகப் பிரித்தே பேசியிருக்கிறார்கள். உமர் பின் அப்துல் அஸீஸ் அவர்களின் ஆட்சியில் ஸகாத் வாங்க ஆளில்லாமல் போன வரலாற்றை ஒவ்வொரு ரமழானிலும் குத்பாவில் கேட்கிறோம். அந்த நிலை எப்படி வந்தது, யார் கணக்கெடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைச் சொல்லும் குத்பா அபூர்வம்.

உலகில் இதைப் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பங்களாதேஷின் பிராக் நிறுவனம் 2002இல் மிக வறிய குடும்பங்களுக்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மாடு, ஆடு போன்ற ஏதாவது ஒரு வருமான மூலதனம், அது பலன் தரும்வரை சாப்பாட்டுக்கு ஒரு சிறு கொடுப்பனவு, தொழிற்பயிற்சி, கூடவே அடிக்கடி வீடு தேடி வந்து விசாரிக்கும் ஓர் உத்தியோகத்தர். இவ்வளவும் ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்கு. இதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹொண்டூராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உதவி நின்று ஒரு வருடத்துக்குப் பின்னரும் அக்குடும்பங்களின் வருமானமும் உணவும் முன்னரைவிட மேலாகவே இருந்தன. எல்லா நாட்டிலும் ஒரே அளவு வெற்றியில்லை. ஹொண்டூராஸில் கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போனதால் அங்கு பலன் குறைந்தது. எமது ஊர்களுக்கு இந்தக் கோழிக் கதை மிகவும் பொருந்தும். தையல் இயந்திரத்தைக் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுப் போன பிறகு, அது பழுதானதா, விற்கப்பட்டதா, மூலையில் கிடக்கிறதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஒரு தெருவில் பன்னிரண்டு தையல் இயந்திரம் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது என்றும் யோசிப்பதில்லை.

கொடுத்த பின்னர் கூடவே நிற்பதற்கு ஆள் வேண்டும். இங்குதான் எமது முயற்சிகள் உடைகின்றன. பைத்துஸ் ஸகாத் என்ற பெயரில் பல ஊர்களில் நல்ல அமைப்புகள் இருக்கின்றன. சில ஊர்களில் பல வருட அனுபவமும் இருக்கிறது. ஆனால், பெரும்பாலானவை இஷாவுக்குப் பின்னர் களைத்துப்போய் வந்து உட்காரும் தொண்டர்களால் நடக்கின்றன. வருடத்தில் ஒரு மாதம் உயிர்பெற்றுப் பெருநாளோடு ஓய்ந்துவிடுகின்றன. ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் அதைச் சேகரித்துப் பகிர்பவர்களையும் அல்லாஹ் ஒரு பிரிவாக வைத்திருக்கிறான். அப்படியிருக்க, படித்த ஒரு இளைஞனையோ யுவதியையோ முழுநேரச் சம்பளத்துக்கு அமர்த்த எமது நிர்வாகங்கள் ஏன் தயங்குகின்றன? சம்பளம் கொடுத்தால் ஏழைகளின் பணம் வீணாகிறது என்று நினைக்கிறார்கள். தொடர்ந்து கவனிக்க ஆளில்லாமல் மூலையில் துருப்பிடிக்கும் பன்னிரண்டு இயந்திரங்களும் அந்தப் பணம்தான்.

நம்பிக்கைப் பிரச்சினையையும் பேச வேண்டும். "அவங்கட கையில குடுத்தா எங்க போகுமோ" என்ற பேச்சு ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அதில் பாதி கஞ்சத்தனத்துக்குச் சொல்லும் சாட்டு. மறு பாதி உண்மை. கணக்கு வைக்காத நிர்வாகம், சொந்தக்காரருக்கு முன்னுரிமை, "அந்த ஜமாஅத்காரனுக்குக் கொடுக்கக்கூடாது" என்ற பாகுபாடு எல்லாம் நடந்திருக்கின்றன. ஒரே ஊரில் மூன்று ஸகாத் அமைப்பு இருந்தால் ஒரு சாமர்த்தியமான குடும்பம் மூன்றிலும் எடுக்கும். வெட்கப்படும் குடும்பம் ஒன்றிலும் எடுக்காது. தராவீஹ் எத்தனை ரக்அத் என்பதில் ஒன்றுபடச் சொல்லவில்லை. அமைப்புகள் தனித்தனியாகவே இயங்கட்டும். ஆனால், வறிய குடும்பங்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றாக இருக்கலாம். அந்தப் பட்டியலை ஒவ்வோர் அமைப்பிலிருந்தும் ஒருவர் வீதம் கூட்டாக வைத்திருந்தால், யாருக்கு யார் என்ன கொடுத்தார் என்பது தெரிந்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவை கணக்காய்வு செய்த அறிக்கையைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்ட வேண்டும். தொகைகள் மாத்திரம், எடுத்தவர்களின் பெயர்கள் இல்லாமல். 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின்னர் முஸ்லிம் அமைப்புகளின் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று சந்தேகக் கண்ணோடு பார்க்கும் காலத்தில் வாழ்கிறோம். ஒழுங்கான கணக்கு எமது அமைப்புகளுக்குப் பாதுகாப்பும் கூட.

பட்டியல் சரியாக இருந்தால் கிடைக்கும் இன்னொரு நன்மை அரசாங்க உதவி. 2023 ஜூலையிலிருந்து சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. 2025 ஜனவரி தொடக்கம் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாவும் வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாவும் வரை வழங்கப்படுகிறது. ஒரு வருடத்துக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேல். எந்தத் தனவந்தரும் ஒரு குடும்பத்துக்கு வருடாவருடம் இவ்வளவு கொடுப்பதில்லை. முதற்கட்டப் பட்டியல் வந்தபோது இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தார்கள். கிராம உத்தியோகத்தரிடம் போய்ப் பேசத் தயங்கும் விதவை, படிவத்தை நிரப்பத் தெரியாத தகப்பன், தேசிய அடையாள அட்டையில் முகவரி மாறாதவர் ஆகியோர் இப்படியான திட்டங்களில் வெளியே நின்றுவிடுகிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு இது மூன்றாவது தலைமுறைக்கும் தொடரும் பிரச்சினை. பதிவு ஓரிடம், வாழ்க்கை ஓரிடம். மஃரிபுக்குப் பின்னர் பள்ளிவாசல் மண்டபத்தில் இரண்டு ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற ஓர் எழுதுவினைஞரும் உட்கார்ந்தால் இந்தப் படிவ வேலையைச் செய்து கொடுக்கலாம். ஒரு சதமும் செலவில்லை.

எமது சமூகத்துக்குக் கூட்டாக இயங்கத் தெரியாது என்று சொல்பவர்களுக்கு ஜனாஸா நலன்புரிச் சங்கங்களைக் காட்டுவேன். மாதச் சந்தா ஒழுங்காகச் சேர்கிறது. ஒரு மரணம் நிகழ்ந்த சில மணித்தியாலங்களில் கபன், சந்தூக்கு, கப்று வெட்டுபவர், கதிரை, கொட்டகை எல்லாம் வந்துவிடுகின்றன. பணக்காரனும் ஏழையும் ஒரே சந்தா கட்டுகிறார்கள்; உதவி வரும்போது யாரும் அதைப் பிச்சையாக நினைப்பதில்லை. எல்லோரும் அங்கத்தவர் என்பதால் யாருக்கும் தலை குனிவில்லை. இதே அமைப்பில், இதே புத்தகத்தில், மாதம் நூறோ இருநூறோ கூடுதலாகச் சேர்த்து ஒரு கர்ழுல் ஹஸன் நிதியை, அதாவது வட்டியில்லாக் கடன் நிதியை, தொடங்குவதற்கு என்ன தடை?

அப்படியொரு நிதியின் அவசியத்தைப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். கிழமைக் கடன், மீட்டர் வட்டி, அடகுக் கடை என்ற மூன்றுக்கும் நடுவில்தான் எமது வறிய வீடுகளின் பொருளாதாரம் ஓடுகிறது. நுண்கடன் கம்பனிகளின் ஆட்கள் வசூலுக்கு வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு அடுத்த வீட்டில் ஒளிந்திருக்கும் உம்மாமாரைப் பற்றி எந்த குத்பாவிலும் பேசப்படுவதில்லை. 2018இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது என்றால் நிலைமை எந்தளவுக்கு முற்றியிருந்தது என்பதை ஊகிக்கலாம். வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்கிறோம். வட்டியில்லாமல் இருபதாயிரம் ரூபா எங்கே கிடைக்கும் என்று அந்தப் பெண் கேட்டால் எம்மிடம் முகவரி இல்லை.

பாகிஸ்தானில் முகவரி கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கலாநிதி அம்ஜத் சாகிப் 2001இல் லாஹூரில் தொடங்கிய அகூவத் அமைப்பு, ஒரு பெண்ணுக்குக் கொடுத்த பத்தாயிரம் ரூபா வட்டியில்லாக் கடனிலிருந்து வளர்ந்தது. கடன்களைப் பள்ளிவாசல்களிலும் சில இடங்களில் கிறிஸ்தவ தேவாலயங்களிலும் வைத்துக் கொடுக்கிறார்கள். திருப்பிச் செலுத்தும் வீதம் 99க்கு மேல் என்று அவ்வமைப்பு கூறுகிறது. 2021இல் அம்ஜத் சாகிபுக்கு மகசேசே விருது கிடைத்தது. பாகிஸ்தானின் வறுமை இதனால் ஒழிந்துவிடவில்லை. அப்படி யாரும் சொல்லவும் இல்லை. அல்லாஹ்வின் வீட்டில் வைத்து, அயலவர் பிணை நிற்க வாங்கிய கடனை மனிதர்கள் திருப்பித் தருகிறார்கள் என்பது மட்டும் நிரூபணமானது. ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடன், ஏற்கனவே ஏதோ ஒரு தொழில் வைத்திருப்பவருக்கே உதவும். ஒன்றுமே இல்லாதவரைக் கடனாளியாக்குவது உதவியாகாது. அவருக்கு ஸகாத். ஏற்கனவே கடனில் மூழ்கியவருக்கும் ஸகாத்தில் தனியான பங்கு இருக்கிறது. யாருக்கு எது என்று தீர்மானிக்க, அந்த வீட்டின் அடுப்பு நிலைமை தெரிந்தவர்கள் வேண்டும். அது பெண்களுக்குத்தான் தெரியும். எமது ஸகாத் குழுக்களில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? பயனாளிகளில் கணிசமானோர் விதவைகளும் கைவிடப்பட்ட பெண்களுமாக இருக்கையில், அவர்கள் தமது கஷ்டத்தை ஏழு ஆண்கள் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு முன்னால் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிரியைகளும் குடும்பநல மருத்துவ மாதரும் தையல் வகுப்பு நடத்துபவர்களும் இல்லாத ஊர் எது?

வறுமையை நாமே உற்பத்தி செய்யும் இடமொன்றும் உண்டு. குமர்க் காரியத்துக்கென்று பள்ளிவாசல் கடிதத்துடன் ஊர் ஊராக அலையும் தகப்பன்மாரை ஜும்ஆவுக்குப் பின்னர் வாசலில் காண்கிறோம். கிழக்கில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒரு மீனவனின், ஒரு விவசாயியின் முழு ஆயுளையும் விழுங்குகிறது. வயல் விற்கப்படுகிறது, உம்மா மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போகிறார், தம்பியின் படிப்பு நின்றுபோகிறது. அந்தத் தகப்பனுக்கு ஸகாத் கொடுக்கிறோம். வீடும் காசும் கேட்ட மாப்பிள்ளை வீட்டாரின் நிகாஹ்வில் அதே நிர்வாகிகள் முன்வரிசையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிறோம். கடிதம் கொடுக்கும் பள்ளிவாசல், நிகாஹ் பதிவின்போது ஒரு வார்த்தை கேட்டால் பல கடிதங்களுக்குத் தேவையிருக்காது.

ஊர்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு மிகச் சிக்கலானது. செல்வம் கொழும்பிலும் சில வியாபார நகரங்களிலும் குவிந்திருக்கிறது. முசலியிலும் மூதூரிலும் கற்பிட்டியிலும் ஸகாத் கொடுக்கத் தகுதியானவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஓர் ஊரின் ஸகாத்தை அங்கு தேவையுடையோர் இருக்கும்போது வெளியூருக்குக் கொண்டுபோகலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாபிஈ மத்ஹபில் தடுக்கும் கருத்தே வலுவானது. ஆனால் ஸதகாவுக்கும் வக்புக்கும் இந்த எல்லை இல்லை. முஸ்லிம் அல்லாத அயலவருக்கு உதவவும் அவற்றில் தடையில்லை. கொழும்பில் கடையொன்றின் வாடகை வருமானத்தை மூதூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்கு வக்பு செய்யலாம். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் அதற்கான வழியை வைத்திருக்கிறது. பெருநகரப் பள்ளிவாசலொன்று பின்தங்கிய ஓர் ஊரைப் பொறுப்பேற்று, மூன்று வருடம் அதே ஊரோடு நின்றால் என்ன நடக்கும் என்று பார்க்கலாம். இன்று நடப்பது வேறு. வருடம் ஓர் ஊர், லொறியில் உலருணவுப் பொதி, பதாகை, புகைப்படம், திரும்பி வந்துவிடுகிறோம்.

டித்வாவில் கடை இழந்தவர்களும் தோட்டம் இழந்தவர்களும் இன்னும் எழும்பவில்லை. அவர்களில் பலர் கடந்த ரமழானில் கொடுத்தவர்கள். இந்த ரமழானுக்கு முன்னர் நடக்கும் நிர்வாகக் கூட்டத்தில், எத்தனை பொதி கட்டுவது என்ற விடயத்துக்குப் போவதற்கு முன்னால், போன வருடப் பதிவேட்டை மேசையில் எடுத்து வையுங்கள். அதிலுள்ள பெயர்களில் இந்த வருடம் உதவி தேவையில்லாதவர்கள் யார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒருவரும் இல்லையென்றால், பொதிகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்து, அந்தப் பட்டியலிலிருந்து மூன்று குடும்பங்களையாவது தெரிவு செய்து, அவற்றைக் கவனிக்கும் பொறுப்பை யாராவது ஒருவரின் பெயரில் எழுதிவிட்டு எழும்புங்கள்.